தீப்பெட்டி அக்காவின் கையெழுத்து

அக்கா பையின் அடித் தையலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, டீ கிளாஸ் வைத்திருந்த தட்டுக்கு மேல் தொங்கவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தும்விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பை வியாபாரி, "ஐயோ, நூத்துக்கு நூறு பருத்திங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நூல் சுருண்டு, உருகி, கடுகளவு உருண்டையாகத் தட்டில் விழுந்தது. ஆறவிட்டு அதை விரல் நுனியில் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

"பருத்தி எரிஞ்சா காகிதம் எரிஞ்ச வாசனை வரும், சாம்பல் தொட்டா உதிரும். இது பல்லுல கடிச்சாக்கூட உடையாது. பை பருத்திதான், தையல் பிளாஸ்டிக். நூலை மாத்திட்டு வாங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று பேரிடமாவது சொல்கிற வாசகம், சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

அந்தச் சின்ன அலுவலகத்தில் அவருக்குத் தீப்பெட்டி அக்கா என்று பெயர். கம்பெனிகள் தங்கள் பெயரை அச்சடித்து ஊருக்கு இலவசமாகக் கொடுக்கிற பை, பேனா, கோப்பை, தொப்பி வகையறாக்களைத் தேடிப் பிடித்துத் தருவதுதான் வேலை. அதிலும், 'பூமியைக் காப்பாற்றுவோம்' என்று பச்சை எழுத்தில் பலகை வைக்கிற கம்பெனிகள்தான் அக்காவைத் தேடி வரும். மண்ணைக் கெடுக்காத பொருளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நோகாத வேலை. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறவரைக் கேட்டால், கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம் என்பார்.

சோதனைக்கு நேரம் காலம், இடம் பொருள் எதுவும் கிடையாது. ஒருமுறை பெரிய கம்பெனி ஒன்றின் பத்தாவது மாடியில், கோட்டுப் போட்ட எட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு இவர் பாட்டுக்குக் குச்சியைக் கிழித்தார். கூரையிலிருந்த மணி ஊரைக் கூட்டியது. கட்டடத்திலிருந்த அறுநூறு பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்து நின்றார்கள். லிப்டை நிறுத்திவிட்டதால், முழங்கால் வலியோடு கடைசி ஆளாக இறங்கி வந்தவர் அக்காதான். வாசல் காவலாளி பதறிப்போய், "எங்கம்மா நெருப்பு?" என்று கேட்டதற்கு, "நெருப்பெல்லாம் ஒண்ணுமில்லப்பா, பாலியஸ்டர்" என்றாராம். இன்றைக்கும் அங்கே போனால் கைப்பையைத் துழாவித் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள்.

பேனா என்று வந்தால் முதலில் கழற்றிப் பார்ப்பார். மேலே மூங்கில், உள்ளே பார்த்தால் பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் மூடி. "சட்டை மட்டும் மூங்கில்" என்று ஓரமாக எறிவார். மூங்கில் கோப்பை என்று யாராவது கொண்டுவந்தால் கொதிக்கிற நீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து மோந்து பார்ப்பார். பிளாஸ்டிக் பிசினில் மூங்கில் தூளைக் குழைத்துச் செய்ததென்றால் மூக்கு கண்டுபிடித்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எத்தனை விதமாக மறைப்பார்கள் என்று அவர் ஒரு புத்தகமே எழுதலாம். அதையும் எந்தக் காகிதத்தில் அச்சடிப்பது என்று பார்ப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

புதிதாக வருகிற கம்பெனிக்காரர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "கொடுத்துத்தான் ஆகணுமா?"

வந்தவர் விழிப்பார். அக்கா விடமாட்டார். "இல்ல, ஒண்ணுமே கொடுக்காம இருந்தா பூமிக்கு இன்னும் நல்லதுன்னு சொன்னேன்." கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்க வந்தவனை வாங்காதே என்றால் முதலாளிக்கு எப்படி இருக்கும்? அவர் அக்காவைவிடப் பத்து வயது இளையவர், அதட்டவும் முடியாமல் விடவும் முடியாமல், "யாவாரத்துல உக்காந்துகிட்டு கேக்குற கேள்வியாக்கா இது?" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். இந்தக் கேள்வியால் இதுவரை போன ஆர்டர் இரண்டே இரண்டு. அந்த இரண்டு பேரையும் அக்கா இன்னும் மரியாதையாகப் பேசுவார்.

வீட்டிலும் இதே கதைதான். எந்தச் சாமானும் ஒரு மாதம் அவர் வீட்டில் புழங்கித் தேறிய பிறகுதான் வெளியே போகும். "மொதல்ல என்னோட குடித்தனம் பண்ணட்டும்" என்பார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து, முதுகு ஒடிந்து வீட்டோடு இருக்கிற கணவர் ஒரு வங்கியின் கோப்பையில் டீ குடித்து, ஒரு செருப்புக் கம்பெனியின் பனியனைப் போட்டு, ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் துண்டில் முகம் துடைக்கிறார். "நம்ம வீட்ல நம்ம பேர் போட்ட சாமான் ஒண்ணாவது இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்க மாத்திரைச் சீட்டு இருக்கே" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள், கணவருக்கு முதுகு பிடித்துக்கொள்கிற வரைக்கும்.

கம்பெனி விழாக்களுக்குப் போனால் மேடைப் பக்கம் திரும்ப மாட்டார். எல்லாரும் கிளம்பிய பிறகு வாசலில் இருக்கிற குப்பைத் தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார். தான் தேடித் தேடித் தேர்ந்தெடுத்த பைகள் அதில் கிடக்கும், மடிப்புக்கூடக் கலையாமல். இரண்டை எடுத்துத் தட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, விடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை.

இப்படியெல்லாம் அலைக்கழிக்கிறவரை ஏன் கம்பெனிகள் தேடி வருகின்றன என்றால், ஒரு தாளுக்காக. அரைப் பக்கச் சோதனைத் தாள். அக்காவே கோடு போட்டு வகுத்தது. என்ன பொருள், எப்படிச் சோதித்தது, என்ன ஆயிற்று. கடைசியில் அவருடைய கையெழுத்து. அந்தக் கையெழுத்து இருந்தால் யார் எங்கே எரித்துப் பார்த்தாலும் மானம் போகாது என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு.

இந்த மாதம் வந்தது விதை அட்டை. விதைகளைக் கூழோடு கலந்து செய்கிற கெட்டிக் காகிதம். கிழித்து மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் செடி வரும். அலுவலகத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளரான ஒரு கம்பெனி, நாற்பது பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த நாலாயிரம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுக்கப்போகிறது. வெறும் அட்டையை அக்கா சோதித்தபோது முப்பது துண்டுக்கு இருபத்தாறு முளைத்தது. அச்சடிக்கிற அன்றைக்கு அவர் அச்சகத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்துக் கணவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்படி ஆயிற்று. அந்த நேரத்தில் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயர் தங்க நிறத்தில் மினுங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளியும் போனிலேயே தலையாட்டிவிட்டார். மினுமினுப்பு ஒட்ட வேண்டுமென்றால் சூடான உருளைக்கு அடியில் அட்டையை விட்டு எடுக்க வேண்டும். விட்டு எடுத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் வெறும் அட்டையோடு சோதனையை முடித்துக்கொள்வார்கள். அச்சாகி வந்த பிறகு இன்னொரு தடவை விதைத்துப் பார்க்கிற ஒரே ஆள் அக்கா. முப்பது அட்டையை உருவி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிழித்து, மூன்று தட்டு மண்ணில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தார். நாலாம் நாள் எட்டிப் பார்த்தார், ஒன்றும் தலை நீட்டவில்லை. ஏழாம் நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்தாம் நாள் காலையில் விரலால் மண்ணைக் கிளறி, ஒரு விதையை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே பழுப்பு. "வறுத்து எடுத்துட்டாங்க பாவிங்க" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டினாலும் அன்றைக்கு அங்கே இல்லாமல் போனது தான்தான் என்பது அவருக்கு உறைத்துக்கொண்டே இருந்தது.

விஷயத்தைக் கேள்விப்பட்டு முதலாளி மத்தியானம் போன் செய்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "நாளன்னிக்கு விழாக்கா. இந்தக் கம்பெனி போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான். பதினோரு பேரு இருக்கோம். முளைச்சது ஒரு இருபதுன்னு போட்டு விடுங்களேன். முப்பதுன்னா கேக்குறேன்?"

"பாப்போம் தம்பி" என்று வைத்துவிட்டார். பதினோரு பேரில் தானும் ஒருத்தி என்பதை அவர் மறக்கவில்லை. கணவரின் வைத்தியத்துக்கு இன்னும் இரண்டு வருஷமாவது இந்த வேலை வேண்டும். இந்த வயதில் நூலைக் கொளுத்திப் பார்க்கிற அம்மாளுக்கு வேறு எவன் நாற்காலி போடுவான்?

சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள், தாளை வாங்கிக்கொண்டு போக. மினுமினுப்புக் கேட்டது அவள்தான். ஜன்னல் தட்டுகளைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"இன்னும் நாலு நாள் விட்டா வராதா மேடம்?"

"வராதும்மா. வெந்துபோச்சு."

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நெஜத்தச் சொல்லுங்க மேடம். யாரு நடப்போறா? வீட்டுக்குப் போற வழியிலயே தூக்கிப் போட்டுடுவாங்க. முளைச்சுதா இல்லையான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

குப்பைத் தொட்டிகளை எட்டிப் பார்த்தே கழுத்து வலி கண்டவரிடம் போய் இதைச் சொல்கிறாள். அக்காவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"போடுவாங்கதான். மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பேரு போடுவாங்க, ஒத்துக்கறேன். மிச்சம் நூறு பேரு நடும்ல? தெனம் காலைல எந்திரிச்சு மண்ணப் பாக்கும். தண்ணி ஊத்தும். வரலைன்னா அட்டை செத்துப்போச்சுன்னு அதுக்குத் தெரியுமா? நாமதான் என்னமோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சுக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் ஒரு விதையத் தொடாது."

"என் வேலை போயிடும் மேடம்" என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது.

அக்கா அவளைப் பார்த்தார். தனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். "எனக்கும் போகும்மா" என்றார். "அட்டைய வெறும் அட்டைன்னு சொல்லிக் கொடுங்க. விதைன்னு மட்டும் சொல்லாதீங்க. மேல என்ன பண்றதுன்னு உங்க பெரியவங்ககிட்ட நானும் வந்து பேசறேன். அச்சாபீஸ்ல நான் இல்லாம போனது என் தப்புன்னும் சொல்றேன்."

உள் அறையிலிருந்து கணவர், "யாரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தார். "ஆபீஸ்லேருந்துங்க, படுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, மேஜை மேல் இருந்த தாளை இழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விதைத்தவை என்ற இடத்தில் 30 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. முளைத்தவை என்ற இடம் காலி. அந்தப் பெண் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அந்தக் காலி இடத்தில் ஒரு 0 போட்டார். கையெழுத்துக்காகப் பேனாவைக் கீழே கொண்டுபோனவர், நிறுத்தி, அந்த வட்டத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். முன்னால் ஓர் இரண்டைப் போட நிறைய இடம் இருந்தது. பேனாவை மறுபடி மேலே கொண்டுவந்து, வட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தால் 'பூஜ்யம்' என்றும் எழுதினார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.