முதுகுப் பக்கம் தள்ளிய தாயத்து

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. எக்ஸ்ரே எடுப்பவர், "மேல இரும்பு, செம்பு இன்னா கீதோ எல்லாத்தையும் கழட்டுபா" என்றார். என் கழுத்தில் அம்மா கட்டிய செப்புத் தாயத்தைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நெஞ்சைத்தானே படம் பிடிக்கிறார்கள் என்று, பனியனுக்குள் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, உலக மகா புத்திசாலியாக நின்றேன்.

டாக்டர் படத்தைப் பார்த்து, "நுரையீரல்ல வெள்ளையா ஏதோ தெரியுது. நீ அன்ஃபிட்" என்றார். என் வாய் அடங்கவில்லை. "படத்தை நான் பார்க்காம நகர மாட்டேன் சார்!"

"நீ பார்த்து இன்னாபா கிழிக்கப் போறே?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அந்த வெள்ளைக்கு இரு முனையிலும் வளையம் இருந்தது. நுரையீரலில் முளைத்த கட்டிக்குக் கயிறு கோர்க்க வளையம் எதற்கு? தாயத்தை வெளியே இழுத்துக் காட்டினேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கதிர் உடம்பைத் துளைச்சுக்கிட்டுப் போகும்யா. செம்பைத் தாண்டாது. முதுகுல வெச்சா மட்டும் தெரியாதா?"

"திட்டுங்க சார், ஆனா இன்னொரு படம் எடுங்க" என்றேன். எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது, வேலையில் சேர்ந்தேன்.

இப்போதெல்லாம் எக்ஸ்ரே என்றால் அரைஞாண் உட்பட அனைத்தையும் கழற்றிவிடுகிறேன். ஆனால், படத்தை என் கண்ணால் பார்க்காமல், யார் முறைத்தாலும் இடத்தைவிட்டு நகர்வதில்லை.