அப்பாவை முனி அடிக்கவில்லை

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இந்தத் தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். வீடுகள் கட்ட அந்தத் தோட்டத்தை விற்றபோது, தோட்டத்துக் காவல் தெய்வமான முனியாண்டியின் கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தவர் எங்கள் அப்பா. அடுத்த வருஷமே சிறுநீரில் ரத்தம் போய், இடுப்பு வலியில் துடித்து இறந்தார். முனி அடித்துவிட்டது என்றார்கள். நாங்களும் நம்பினோம். பள்ளியை விட்டு லாரி ஏறிய அண்ணன்தான் எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டார், கல்யாணம் செய்துவைத்தார். வருஷம் தவறாமல் முனிக்குச் சுருட்டும் சேவலும் கொண்டுபோனார்.

பிறகு அவருக்கும் சிறுநீரில் ரத்தம் வந்தது. லாரி இஞ்சின் சூடு என்று பார்லி குடித்தார். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தால், இரண்டு சிறுநீரகத்திலும் புற்றுநோய்க் கட்டி.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்துச்சா அண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"யாருக்கும் இல்ல டாக்டர். அப்பாவ முனி அடிச்சிருச்சு, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முனி எங்க அடிச்சுச்சு?"

அண்ணன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். காட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

இது குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய்தான் என்று ரத்தப் பரிசோதனை உறுதி செய்தது. கட்டி வளராமல் தடுக்கும் மரபணு ஒன்று அண்ணனுக்குப் பிறவியிலேயே பழுது. பெற்றவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். கட்டிகளை வெட்டியெடுத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தார், பிறகு நுரையீரலுக்குப் பரவியது. கட்டிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். அதில் உள்ளங்கால் தோல் உரிந்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் லாரியை விட்டார். பாவி மனுஷன், அப்போதும் தன்னைப் பற்றிப் பேசவில்லை. "எனக்கு அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நீங்க ரெண்டு பேரும் போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க லா!" என்று கத்துவார்.

நான் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. ஸ்கேனில் கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்ததால், அதை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். தம்பி இன்னும் போகவில்லை.

"மலர்ல இதெல்லாம் எழுதாத அக்கா. மகளுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம். கொஞ்ச நாள் ஒடம்பு சரியில்லன்னு போட்டா போதும் லா" என்றான் போன வாரம்.

எழுதிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டட்டும்.

அண்ணனைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஒளிக்காமல் பேசிய டாக்டரம்மாவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வண்டியெடுத்து வந்த லாரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பிக்கு மட்டும் இப்போது நன்றி கிடையாது. அடேய், மகளைத் தாரைவார்த்துக் கொடுக்க நீ இருக்க வேண்டாமா? நாளைக் காலை உன் வாசலில் வண்டியோடு நிற்பேன். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம். பசியாறிவிட்டே வந்து ஏறு.