மச்சான் அறுத்த ஷூ கயிறு

மச்சான் பெயரை வாயால் சொல்வது பப்புவா நியூ கினியில் எங்கள் கோரோக்கா மலைப்பக்கம் பெரிய மரியாதைக் குறைவு. வேண்டுமென்றே சொல்கிறேன்: கெபாஸ். என் மனைவி எல்மாவின் அண்ணன். லே நகரத்தில் கிடங்குக் காவலர்களான எங்களுக்கு மேற்பார்வையாளர்.

பதினெட்டு வயதுவரை செருப்பே போடாத ஆள். இப்போது காலை ஆறு மணிக்கு எங்களை வரிசையில் நிறுத்தினால் முகத்தைப் பார்க்கமாட்டான், பூட்ஸைத்தான் பார்ப்பான். அதில் கயிறு இல்லையென்றால் கத்துவான்; கிடங்கில் திருட்டுப் போனால்கூட இந்தக் கத்து கத்தமாட்டான்.

எங்கள் பிசின் மொழியில் காட்டுக்கொடியும் ‘ரோப்’தான், படகு கட்டுவதும் ரோப்தான், கையில் புடைக்கும் நரம்பும் ரோப்தான். கெபாஸுக்கு மட்டும், கடையில் விற்கும் கறுப்புக் கயிறுதான் ஷூவுக்கு ரோப். கம்பெனி கொடுக்க வேண்டியது எங்கே என்று கேட்டால், “இன்னும் வரலடா, போய் வாங்கு” என்பான்.

கயிறு இல்லையென்று என்னை இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மூன்றாவது முறை அனுப்பினால் வேலையே போய்விடும். எல்மா மரப்பட்டை நாரைத் தொடையில் உருட்டி இரண்டு கயிறு திரித்தாள். கரி தேய்த்துக் கறுப்பாக்கியும் தந்தாள்.

கெபாஸ் குனிந்து பார்த்தான். “என்னடா இது, பன்னி கட்டுற கயிறா?”

“ரோப்தான் மச்சான். ஷூவக் கட்டுதே, போதாதா?”

கத்தியை எடுத்து இரண்டையும் அறுத்தான். “வீட்டுக்குப் போ. இனி வராத.”

“உன் தங்கச்சி திரிச்சது.”

“யாரு திரிச்சா எனக்கென்ன?”

நான் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

மறுநாள் காலை எல்மா என்னோடு வந்தாள். நேராகப் போய் அண்ணன் தோளில் தொங்கிய நூல் பையைப் பிடித்தாள். அவன் மேற்பார்வையாளர் ஆன அன்று அவள் பின்னித் தந்த பை.

“இதுவும் நான் திரிச்ச கயிறுதாண்ணே. யாரு திரிச்சா உனக்கென்ன? குடு.”

“எல்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“நல்லா பாக்கட்டும்.”

பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். பாக்கு விழுந்தது, சுண்ணாம்பு விழுந்தது, அந்தக் கத்தி விழுந்தது. கடைசியில் கம்பெனி முத்திரையோடு, பிரிக்காத கறுப்பு ஷூ கயிறுகள் கட்டுக் கட்டாக விழுந்தன.

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொண்டார்கள். கெபாஸ் தடுக்கவில்லை.

நான் எடுக்கவில்லை. அறுந்த கயிற்றை எல்மா முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதையே அவன் கண்முன்னால் மெதுவாகக் கட்டிக்கொண்டு, நான் காவல் காக்கும் கிடங்கு வாசலில் போய் நின்றேன்.