வானத்துக்கு லைசென்ஸ்

டெக்சஸில் நான் அரிசி வாங்கும் கடையின் கண்ணாடிக் கதவில், துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. நம் ஊரில் செருப்பை வாசலில் விடச் சொல்வதுபோல இங்கே துப்பாக்கியை வண்டியிலேயே விட்டு வரச் சொல்கிறார்கள். வந்த புதிதில் சிரித்தேன். இப்போது என்னிடமும் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. கொத்தமல்லி வாங்க இறங்கும்போது இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

என் அண்ணன் தாமோதரனிடமும் துப்பாக்கி உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய எங்கள் நெல் வயலில் காட்டுப்பன்றி இறங்குவதால், பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி. தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ள மற்றவர்களைப் போலவே அவரும் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பைக்கில் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். முடிவு வந்ததும் வாங்கி வருவார். எந்தத் தேர்தலிலும் அவர் தவறியதில்லை. நாள் குறித்து வைக்கும் பழக்கமுள்ளவன் நான், உறுதியாகச் சொல்வேன்.

சென்ற பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். காணும் பொங்கலன்று மாலை, சூரியன் இன்னும் மதிலுக்கு மேலே இருந்தது. இதைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. பன்றி இறங்குமுன் போய்விடலாம் என்று அண்ணன் துப்பாக்கியோடு வயலுக்குக் கிளம்ப, நானும் உடன் போனேன். மோட்டார் கொட்டகையில் இரண்டு பேர் செம்புக்காகக் கேபிளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதட்டியதும் ஒருவன் அரிவாளை ஓங்கிக்கொண்டு வந்தான். அண்ணன் வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டார். இருவரும் ஓடிவிட்டார்கள். மதிலுக்கு அப்பால் தொழிற்சாலைக் காவலாளி போன் செய்ய, போலீஸ் ஜீப் வந்தது.

காவல் நிலையத்தில் அண்ணனை நிற்க வைத்தே ஆய்வாளர் கேட்டார்.

“லைசென்ஸ் இன்னாத்துக்குயா குட்தாங்க?”

“பன்னிக்கு, சார்.”

“அப்போ ஓடுனது பன்னியா?”

“வானத்தப் பாத்துதான் சார் சுட்டேன்.”

“வானத்துக்கு எவன்யா உனக்கு லைசென்ஸ் குட்தான்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். துப்பாக்கியைப் பறிமுதல் செய்து அண்ணன் மேல் வழக்குப் போட்டார்கள். கேபிள் திருட்டுப் புகாரை வாங்கவே இல்லை. ஒயர் போனால் வேறு ஒயர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அன்றிரவே சட்டத்தை எடுத்துப் படித்தேன். தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை அது எல்லாருக்கும் தருகிறது. தேவைக்கு மேல் போகாதே என்று மட்டும் சொல்கிறது. அரிவாளை ஓங்கியவன் எதிரில் வானத்தைச் சுட்டது, சட்டம் அனுமதித்ததைவிடக் குறைவு. அந்தப் பக்கத்தை அந்த நிலையத்தில் ஒருவராவது புரட்டியிருப்பாரா?

“அரிவாள ஓங்குனவன் யாருன்னு தெரியுமாண்ணா?” என்று மறுநாள் கேட்டேன்.

“தெரியாம இன்னா? நம்ம களத்துல நெல்லு தூத்துனாரே ஏழுமல, அவுரு புள்ள. கம்பெனில காண்ட்ராக்ட்ல போய்க்கினு இருந்தான். நிறுத்திட்டானுங்க.”

“அவன் பேர சொன்னா நீ தற்காப்புக்குத்தான் சுட்டன்னு ஆவும்ல?”

“சொன்னா அவன உள்ள வச்சு அடிச்சே சாவடிச்சிருவானுங்கடா. ஒயருக்கு ஒரு உயிரா? நீ அமெரிக்காவுலயே இருந்து கெட்டுப் போய்க்கீற.”

இதையெல்லாம் டெக்சஸ் திரும்பியதும் பக்கத்து வீட்டு அமெரிக்கர் ராயிடம் ஆத்திரத்தோடு சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “உன் அண்ணன் குறி தவறிவிட்டாரா?” என்றார், மிகுந்த அனுதாபத்தோடு. வேண்டுமென்றே வானத்தைச் சுட்டார் என்று விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. “அப்போது இருட்டிவிட்டதா?” என்றார். இங்கே இருட்டிய பின் திருடிக்கொண்டு ஓடுகிறவனை, பொருளை மீட்க வேறு வழியில்லை என்று நியாயமாக நம்பினால், சுட்டுக் கொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சமையல் குறிப்புபோல அதைச் சொல்லித் தந்தார்கள். எனக்குக் கொதித்தது. அங்கே உயிரைக் காப்பாற்றியவர் குற்றவாளி. இங்கே ஏழுமலை மகன் ஒரு மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் செம்புக் கம்பிக்குச் செத்துப்போகலாம்.

அதன் பிறகு ஊரில் தேர்தல் வந்து முடிந்தது. மற்றவர்களின் துப்பாக்கிகள் வீடு திரும்பின. அண்ணனுடையது இன்னும் நிலையத்தில்தான் இருக்கிறது, வழக்கும் நடக்கிறது. அவர் இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பன்றிகள் கிழக்கு மடைப் பக்கத்துப் பயிரைத் தின்று தீர்த்துவிட்டன. போன வாரம் எங்கள் தெருப் புல்வெளிகளில் இந்த நாட்டுத் தேர்தலுக்கான பலகைகளை நட்டார்கள். அன்று மாலை பெட்டியிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டியில் சுற்றினேன். கார் சாவியையும் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான், இதை வாங்கி வைத்துக்கொள்ள இங்கே ஒரு நிலையமும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.