நாள் பார்த்த துவக்கு

என் அக்கா சந்திரவதனாவின் கணவர் ஜனார்த்தன் அத்தானுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு துவக்கு, அதுதான் துப்பாக்கி, வாங்கும் ஆசை வந்தது. கொலஸ்திரோல் குளிசை போடுகிற மனிசன். இங்கே கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்பவர். வீடு வாங்கி, கார் வாங்கி, மகளின் அரங்கேற்றமும் முடிந்தால் அடுத்தது துவக்குத்தானே!

"உங்களுக்கென்ன விசரே அத்தான்?" என்று நேரே கேட்டேன்.

"தம்பி, ஊரில சண்டை நடந்த காலம் முழுக்க துவக்கின்ர வாய்ப்பக்கம்தான் நிண்டனான். கையைத் தூக்கு எண்டாங்கள், தூக்கினன். ஒருநாள் மற்றப்பக்கம் நிண்டு ஒரு வெடி வைக்கவேணும். ஒண்டே ஒண்டு. பிறகு வித்துப்போடுவன்."

அதற்குமேல் எனக்கு நக்கல் வரவில்லை. அன்றைக்கு மட்டும்தான்.

தெரிவு ஏழு மாதம் நடந்தது. அக்காவைப் பொம்பிளை பார்க்க அரை மணித்தியாலம்கூட எடுக்காதவர்! கடைக்காரன் ஒவ்வொன்றாகக் காட்டி, இது தடை, அது தடை, இது இன்னும் இல்லை என்றான். அந்த 'இன்னும்' எனக்குக் கேட்டது, அத்தானுக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கார்பைனைப் பிடித்தார். பிஸ்டல் குண்டு போட்டுச் சுடுகிற நீட்டுத் துவக்கு. உதை குறைவாம், வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கி நொந்த தோளுக்கு நல்லதாம். குண்டும் மலிவாம். ஒரேயொரு வெடிக்கு மலிவு பார்த்த மகான்!

லைசென்ஸ் படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். கனடா அரசாங்கத்துக்கு எங்கள் அக்காவைத் தெரியாது, பாவம்.

"வைக்கிறன். ஆனா முதல் வெடி நல்ல நாளிலதான். நாள் நான் பாத்துச் சொல்லுவன்" என்றார் அக்கா. புதுக் காரை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கிய குடும்பம். துவக்கை அங்கே கொண்டுபோக முடியாது, நாளாவது சரியாக இருக்கவேண்டுமாம்.

துவக்கு வந்து பேஸ்மென்றில் பூட்டுப்பெட்டிக்குள் படுத்தது. முதல் சனி அட்டமி, ஞாயிறு நவமி. அடுத்த சனி கரிநாள். பிறகு ரெக்ஸ்டேலில் அத்தானின் பெரியப்பா மோசம்போனார். முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்கு, நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாது. அத்தான் பொறுத்தார். சுட்டுப் பழகும் ரேஞ்சின் அங்கத்துவ அட்டையைச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு பரிமாறினார். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு அமிர்தயோகம் என்று அக்கா ஒருவழியாகக் குறித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை புதிய தடைப்பட்டியல் வந்தது. அத்தானின் கார்பைனும் அதில் இருந்தது. சுடக்கூடாது, விற்கக்கூடாது, ரேஞ்சுக்குக் கொண்டுபோகவும் கூடாது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத அரசாங்கம்!

"ஒரு வெடி, தம்பி. ஒரேயொரு வெடி" என்று அத்தான் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வருடம் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டு, ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தார். எடுத்துப்போக இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். புத்தம் புதிதாக இருக்கிறதே, சுடவே இல்லையா என்று ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார்.

உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க அவன் துவக்கைத் தூக்கினான். அத்தானின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின.

வேண்டாம் சேர், கையை இறக்குங்கள் என்று அவன் பதறிப்போய்ச் சொன்னான். அத்தான் இறக்கவில்லை. நான்தான் போய்ப் பிடித்து இறக்கிவிட்டேன்.