கோஸ்டா ரிகாவுக்குப் போன கோடு போட்ட தாள்

போன வருஷம், ஐப்பசி மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் கடலூரில் தொடங்கி சிதம்பரத்தில் முடிந்த சம்பவம் இது. இடைப்பட்ட நாட்களில் நான் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்ததாக நினைவில்லை.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், அதை எழுப்ப எந்த விதியைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வுக்குப் பிறகும் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அலுத்துக்கொள்வேனே தவிர, யாரும் வராத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படித்தான் பின்தெருப் பெண் ஒருநாள் காலையில் கணவனோடு வந்தாள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கணவனுக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. அவளுடைய தம்பி, பனாமாவில் ஓட்டல் வேலை என்று ஓர் ஏஜெண்டு சொன்னதை நம்பி விமானம் ஏறியவன். போய்ப் பார்த்தால் ஓட்டலும் இல்லை, ஏஜெண்டும் இல்லை. பாஸ்போர்ட்டும் ஏஜெண்டோடு போய்விட்டது. கூட இருந்தவர்களோடு எல்லை தாண்டிப் பக்கத்து நாடான கோஸ்டா ரிகாவுக்குள் நுழைந்து பிடிபட்டு, ஏதோ ஒரு முகாமில் இருக்கிறான். யாருடைய போனிலிருந்தோ அவன் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள்.

"அக்கா, மாத்திர தீரப்போவுது. இங்க சொன்னா யாருக்கும் புரியல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தகவலே இல்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. "ஒழுங்கா மாத்திர போட்டான்னா ஆளு ராஜா மாமா. உட்டா எங்க உழுவான்னு சொல்லமுடியாது" என்றாள். நம் அரசுக்கு அனுப்ப வேண்டிய இடங்களுக்கு அன்றைக்கே மனு அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தொடர்ந்து என்ன நடக்கும், எவ்வளவு நாளில் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். எனவே அந்த நாட்டுக்கே நேரடியாக எழுதுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு நாட்டுக்கு மனு எழுதுவதற்கு முன்னால் அந்த நாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கோஸ்டா ரிகாவின் அரசியல் சட்டத்தை ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். ராணுவத்தை ஒழித்துவிட்ட நாடு. சட்டமன்றத்துக்கு ஒரே அவைதான். ஒருமுறை அதிபராக இருந்தவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. தேர்தல் நடத்துவதற்கென்றே தனி நீதிமன்றம் வைத்திருக்கிறார்கள்; அதிபரும் அதில் தலையிட முடியாது. படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

கணவன் கேட்டான்: "பட்டாளமே இல்லாத ஊர்ல எம் மச்சான எவன் மாமா புடிச்சான்?"

"போலீஸ் இருக்குதுப்பா."

"அது மட்டும் எல்லா ஊர்லயும் இருக்கும்."

கடைசியில் எனக்கு வேண்டியது கிடைத்தது. அங்கே உச்ச நீதிமன்றத்தில் அரசியல் சட்ட வழக்குகளுக்கென்று ஓர் அமர்வு இருக்கிறது. அடைத்து வைக்கப்பட்ட ஒருவருக்காக யார் வேண்டுமானாலும் அதில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். கட்டணம் கிடையாது. கையெழுத்துக்குச் சான்றொப்பம் தேவையில்லை. எந்த மொழியிலும், எந்தத் தாளிலும் எழுதலாம். அவர்களுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு வேண்டிய ஆவணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன்: உறுதிமொழிப் பத்திரம், அக்கா தம்பி என்பதற்குச் சான்று, மருத்துவச் சான்று, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, அதன்மேல் நோட்டரி கையெழுத்து.

அலைச்சல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சொந்த ஊரான காடாம்புலியூருக்குப் போனோம். தம்பிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சான்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். முத்திரை இல்லை. வீட்டில் இருக்கிறது, சாயங்காலம் ஆகும் என்றார். "இதுவே போதாதா மாமா?" என்று அவள் கேட்டாள். முத்திரை இல்லாத சான்று வெறும் காகிதம் என்று அவளுக்கு விளக்கிவிட்டு, பலாமரத்தடியில் சாயங்காலம் வரை காத்திருந்து முத்திரையோடுதான் திரும்பினேன். பஸ்ஸில் அந்தச் சான்றை எடுத்து இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அப்பழுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை சிதம்பரம். எனக்கு நம்பிக்கையான நோட்டரி அங்கேதான் இருக்கிறார். மூவரும் போனோம். "சாரு கோர்ட்டுக்குப் போயிருக்காரு, வந்துருவாரு" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. வரவில்லை. எதிரே டீக்கடையில் நின்றோம். வானம் இருண்டு வந்தது. நான் டீக்கடைக்கும் நோட்டரி வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் என்னைச் சவாரி என்று நினைத்து ஒவ்வொரு முறையும் வண்டியை முறுக்கினார்.

அவள் மெல்லக் கேட்டாள்: "மாமா, நீங்க அன்னிக்குப் படிச்சீங்களே. சீலு, கையெழுத்து எதுவும் வேணாம்னுதானே போட்டிருந்துது?"

"போட்டிருப்பாங்கம்மா. எல்லா எடத்துலயும் அப்படித்தான் போட்டிருப்பாங்க. அனுப்பினா கேப்பாங்க."

"அந்த ஊர்லயும் கேப்பாங்களா?"

நான் மறுபடி நோட்டரி வாசலைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அலுவலகங்கள் எதுவும் அந்த ஊரில் இல்லை.

அவள் பக்கத்துப் பெட்டிக்கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தாளைக் கிழித்துத் தமிழிலேயே எழுதினாள். 'ஐயா, என் தம்பி உங்கள் ஊரில் இருக்கிறான். தப்புச் செய்திருந்தால் விசாரியுங்கள். அவனுக்கு வலிப்பு உண்டு. இந்த மாத்திரை இல்லாவிட்டால் விழுந்துவிடுவான். மாத்திரை கொடுங்கள். எங்களோடு பேச விடுங்கள்.' மாத்திரையின் பெயர், தம்பியின் பெயர், தன் போன் நம்பர். முடிந்தது.

"பொருள் போடலியேம்மா. பார்வை இல்ல. எந்தச் சட்டப் பிரிவுன்னு இல்ல" என்றேன்.

"வேற என்ன மாமா அவுங்களுக்குத் தெரியணும்?"

படம் எடுத்தாள். போனிலேயே அதை ஸ்பானிய மொழிக்கு மாற்றிக் கீழே சேர்த்தாள். நீதிமன்றத்தின் மின்னஞ்சல் முகவரி என் கோப்பில் இருந்தது. கேட்டாள். நான் தரத் தயங்கினேன். அரைகுறை மனு தள்ளுபடி ஆனால், பின்னால் போகும் முழு மனுவும் கெட்டுவிடும். வேலையில் இருந்தபோது அப்படிக் கெட்டுப்போன மனுக்களை நிறையப் பார்த்தவன் நான்.

கணவன் பொறுமையிழந்தான். "மாமா, நீங்க சீலு குத்தி முடிக்கிறதுக்குள்ள எம் மச்சான் கெழவனாயிடுவான்."

அவள் அவனை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "தள்ளிட்டாங்கன்னா வேற அனுப்பலாம் மாமா. அவன் உழுந்துட்டா?"

முகவரியைக் கொடுத்தேன். அனுப்பினாள். மழை வந்தது. நோட்டரியும் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் என் கோப்புக்குச் சிவப்பு முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவளைத் தடுத்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், அவள் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். இரண்டில் எது என்னை அதிகம் புரட்டியது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

விடிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பதில் வந்திருந்தது; போனிலேயே அதைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். மனு ஏற்கப்பட்டுவிட்டது. அவனை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று விளக்கம் தர முகாம் அதிகாரிகளுக்கு உத்தரவு போயிருக்கிறது. அதுவரை காத்திராமல் உடனே மருத்துவர் அவனைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த ஆவணத்தையும் கேட்கவில்லை. இணைப்பு இல்லை என்று ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் அவனே பேசினான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டரு வந்தாரு அக்கா. மாத்திர குடுத்துட்டாங்க. நீ எழுதுன தாள அவுங்க கையில வெச்சிருந்தாங்க. இது ஒன்னோட பாஷையான்னு கேட்டாங்க. ஆமாம்னு சொல்லிப் படிச்சிக் காமிச்சேன். படிக்க முடியல, அழுவ வந்துடுச்சி."

"உழுந்தியாடா?"

"ஒரு வாட்டிதான். ஞாயித்துக்கிழம. முன்பல்லு ஒண்ணு போச்சி, வேற ஒண்ணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை. முத்திரைக்காக நான் பலாமரத்தடியில் காத்திருந்த நாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

தம்பி இப்போது ஊர் திரும்பி, காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் பார்க்கிறான். பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்து, "நீங்கதான் மாமா எல்லாம் செஞ்சீங்களாம், அக்கா சொல்லிச்சி" என்று வாய் நிறையச் சிரிப்பான். பல் கட்டிக்கொள்ளவில்லை. என் கோப்பு அலமாரியில், சிவப்பு முத்திரையோடு, ஒரு குறையும் இல்லாமல், எங்கும் போகாமல் இருக்கிறது. தெருவில் இன்றும் யாராவது மனுவோடு வந்தால் என் கண் முதலில் முத்திரையைத்தான் தேடுகிறது. அந்தப் பல் இடைவெளி ஞாபகத்துக்கு வந்ததும், மனுவைக் கீழே வைத்துவிட்டு, வந்தவரை நிமிர்ந்து பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.