பால் ஊற்றிய தேநீர்

தர்ஷினியை இந்த மலையிலிருந்து விரட்டியது நான்தான். ஒரு கோப்பைப் பால் தேநீரால் விரட்டினேன்!

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு இந்த மலையில் பள்ளங்கி என்ற ஊரில். அம்மா கேரட், பூண்டு வயல்களில் கூலிவேலை செய்பவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவள். நான் தைல மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரிக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறேன். அதே கல்லூரிக்குச் சென்னையிலும் ஒரு வளாகம் உண்டு. அங்கே படிக்க வேண்டுமென்று அழுதேன், பட்டினி கிடந்தேன். "விடுதியில விட நமக்கு வக்கில்ல, பேசாம கெட" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

தர்ஷினி இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்தவள். இரண்டு வளாகங்களில் எது வேண்டும் என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள்! அவளோ சென்னை வேண்டாம், மலைதான் வேண்டும் என்றிருக்கிறாள்.

"குளிர் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது அக்கா" என்றாள் என்னிடம்.

நான் தவம் கிடந்தும் கிடைக்காததை அவள் இடது கையால் ஒதுக்கிவிட்டு வந்திருந்தாள். அன்றே என் வயிறு எரியத் தொடங்கியது.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானேதான் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஏன்? எங்கள் ஏழ்மையைப் பார்த்து அவள் முகம் சுளிக்கட்டும் என்றா? தெரியவில்லை…

"எந்தத் தோட்டம் புள்ள?" என்று அம்மா கேட்டாள். தர்ஷினி தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அம்மா பிறந்த தோட்டத்துக்கு அடுத்த மலை! அவ்வளவுதான், அம்மாவின் வாயிலிருந்து நான் மறந்தே போன பேச்செல்லாம் கொட்டியது. பள்ளியில் என்னைச் 'சிலோன்காரி' என்று கேலி செய்ததால், வெளியே அப்படிப் பேசாதே என்று ஒருகாலத்தில் அம்மாவின் வாயை அடைத்தவள் நான். அன்று அம்மா வாய் பொத்திச் சிரித்தாள். நான் பிளஸ் டூ தேறிய அன்றுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மனிதர்களுக்குத் தேநீரில் பால் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைப்பாள் அம்மா. அதை நக்கிக்கொண்டே சாயத்தண்ணியைக் குடிக்க வேண்டும். பால் தேநீர் வெளியாட்களுக்கு மட்டுமே. முதல் நாளே தர்ஷினியின் உள்ளங்கையில் அம்மா சீனி வைத்தாள்.

"எங்க வீட்லயும் இப்பிடித்தாம்மா" என்றாள் அவள், கண் கலங்க.

அம்மாவாம்! அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அவளுடையதாயிற்று.

அவளுடைய முதலாம் ஆண்டு முடிவில், விரும்பினால் வளாகம் மாறிக்கொள்ளலாம் என்றார்கள். "நான் எங்கேயும் போகல்ல. இங்க அம்மா இருக்காங்களே!" என்றாள் தர்ஷினி. அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்குச் சாயத்தண்ணி ஒத்துக்கலையாம். பால் தேத்தண்ணிதான் வேணுமாம். ஒங்கிட்ட சொல்லக் கூச்சப்படுறா."

"அடப் பாவமே, மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அம்மா பதறிப்போனாள்.

அடுத்த ஞாயிறு தர்ஷினி வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையில் பீங்கான் கோப்பையை வைத்தாள். பால் தேநீர்… அடியில் தட்டு வேறு! அவள் கோப்பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிடித்துத்தான் குடிக்கிறாள் என்று அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

பேருந்து நிறுத்தத்தில் தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் ஏதும் பிழை விட்டுட்டேனா? அம்மாவுக்கு என்மேல கோவமா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்ற ஒரே வார்த்தை! நானோ, "தெரியலையே… அம்மா மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?" என்றேன்.

பிறகு அவள் வரவில்லை. சென்னை வளாகத்துக்கு மாறிப் போய்விட்டாள். "பட்டணம்னா சும்மாவா? இந்தக் குளிருல யாரு கெடப்பா?" என்று சொல்லிக்கொண்டாள் அம்மா. இப்போது ஞாயிறுகள் எனக்கே உரியவை. அம்மா என் உள்ளங்கையில் சீனி வைக்கிறாள்; கண் மட்டும் வாசலில் இருக்கிறது. இதற்குத்தானா ஆசைப்பட்டேன்?

நேற்று தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறாளாம்.

இன்று வெள்ளனே அம்மா என்னை எழுப்பினாள். "எந்திரிடி, வெரசா போயி நல்ல பாலா வாங்கியா. அந்தப் புள்ள சாயத்தண்ணி குடிக்காது."

அப்போது சொல்லியிருக்கலாம். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கியும் வந்துவிட்டேன்.

அடுப்பில் பால் கொதிக்கிறது. அம்மா அந்தப் பீங்கான் கோப்பையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கீழ் வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்கிறது… நான் இன்னும் சொல்லவில்லை.